ரோமானியர்களோட மந்திரம், சாபம், சகுனம்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ரோமானிய வரலாறுன்னு பேச்சை எடுத்தா பேரரசர்கள், போர், கிளாடியேட்டர்னு போயிடுது. எனக்கு அதையெல்லாம் விட, அந்தக் காலத்து சாதாரண ஜனங்க ராத்திரியில எதுக்கு பயந்தாங்க, யார் மேல வயிறு எரிஞ்சாங்க, அந்த எரிச்சலை எங்க போய் கொட்டினாங்கன்றதுலதான் ஆர்வம். இதைப் பத்தி என்கிட்ட கேக்கற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

ரோமானியர்கள் நிஜமாவே செய்வினை வச்சாங்களா, இல்ல அதெல்லாம் கதையா?

நிஜமாவே வச்சாங்க. ஈயத்தைத் தட்டி மெல்லிசான தகடாக்கி, அதுல எழுத்தாணியால எதிரியோட பேரைக் கீறி, சுருட்டியோ மடிச்சோ, பல சமயம் நடுவுல ஒரு ஆணியும் அடிச்சு, கல்லறையிலயோ கிணத்துலயோ கோயில் ஊத்துலயோ போட்டுடுவாங்க. டிஃபிக்சியோன்னு இதைச் சொல்றாங்க, ஒருத்தனை நகர விடாம அறைஞ்சு நிறுத்தறதுன்னு வச்சுக்கலாம். கிரேக்கம், லத்தீன் ரெண்டு மொழியும் சேர்த்து 1,500க்கு மேல இப்படித் தகடுங்க கிடைச்சிருக்கு, பிரிட்டன்ல இருந்து எகிப்து வரைக்கும் எல்லா இடத்துலயும்.

ஏன் ஈயம்? வேற உலோகமே இல்லையா?

வெள்ளி சுரங்கத்துல வெள்ளியைப் பிரிச்சப்புறம் ஈயம் நிறைய மிஞ்சும், அதனால விலை கம்மி, மெத்துன்னு இருக்கறதால கீறவும் சுலபம். ஆனா அது மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது. ஈயம் சில்லுன்னு இருக்கும், கனமா இருக்கும், பிணத்தோட நிறம் அதுக்கு. "இந்த ஈயம் எப்படி சில்லிட்டுக் கிடக்கோ அதே மாதிரி அவனும் ஆகட்டும்"ன்னு எழுதற பழக்கமே இருந்துச்சு. கல்லறையில வைக்கறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. ஆயுசு முடியறதுக்கு முன்னாடி செத்தவங்க, கொலையானவங்க, இவங்க ஆவி அமைதியில்லாம இங்கயே சுத்தும்னு நம்பினாங்க, அந்த ஆவி கையில தகட்டைக் கொடுத்தா பாதாள தெய்வங்ககிட்ட கொண்டு சேர்த்துடும், அதாவது தபால்காரர் வேலை மாதிரி.

அந்தத் தகட்டுல என்னதான் எழுதுவாங்க?

இதுக்கு இங்கிலாந்துல இருக்கற பாத் ஊரைப் பத்திதான் சொல்லணும். அங்க ஒரு வெந்நீர் ஊத்து இருக்கு, தண்ணி 46 டிகிரி சூட்டுல ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல பொங்கி வருது. ரோமானியர்கள் அந்த ஊர் தெய்வமான சூலிஸையும் தங்களோட மினர்வாவையும் சேர்த்து சூலிஸ் மினர்வான்னு கோயில் கட்டிக் கும்பிட்டாங்க. 1979, 1980ல அந்த ஊத்தைத் தோண்டினப்போ 130 தகடு கிட்ட கிடைச்சது. பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுல இருந்து 4ஆம் நூற்றாண்டு வரைக்கும் போட்டது.

பெரிய ரகசியமோ ராஜ சதியோ இருக்கும்னு நினைச்சுப் படிச்சா, கிட்டத்தட்ட எல்லாமே திருட்டுப் புகார்! குளிக்கப் போனப்போ துணி போச்சு, காசு போச்சு, மோதிரம் போச்சு. டோசிமீடிஸ்னு ஒருத்தர், அவரோட கையுறை ரெண்டும் காணோம், எடுத்தவனுக்கு புத்தியும் கண்ணும் போகணும்னு அம்மன்கிட்ட கேக்கறார். டோசிலியானஸ்னு இன்னொருத்தர், குல்லா வச்ச போர்வை திருடு போயிடுச்சு, எடுத்தது ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ, சூலிஸ் அவனுக்கு சாவைக் கொடுக்கணும், என் போர்வையைக் கோயில்ல கொண்டு வந்து வைக்கற வரைக்கும் தூக்கமும் வரக்கூடாது பிள்ளையும் பிறக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கார்.

ஒரு போர்வைக்கு இவ்ளோ பெரிய சாபமான்னு எல்லாரும் கேக்கறாங்க, முதல்ல எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அவங்க இருந்த இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. போலீஸ் ஸ்டேஷன்னு ஒண்ணு கிடையாது. திருடனை நீங்களே கண்டுபிடிச்சு நீங்களே கோர்ட்டுக்கு இழுத்துட்டு வரணும், யார் எடுத்தான்னே தெரியலைன்னா கேஸே கிடையாது. பிரிட்டன் குளிர்ல அந்தப் போர்வைதான் அவர்கிட்ட இருந்த நல்ல துணியா இருக்கலாம். இவர் புகார் கொடுக்கறதுக்கு இருந்த ஒரே இடம் அந்த ஊத்துதான். அதனாலதான் பாஷை கூட மனு மாதிரியே இருக்கும், ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோன்னு வக்கீல் எழுதற மாதிரி எல்லா ஓட்டையையும் அடைச்சிடறாங்க. திருடு போன பொருளையே அம்மனுக்கு எழுதிக் கொடுத்துடறவங்களும் உண்டு, அப்போ திருடன் கைவச்சது சாமி சொத்துல இல்லையா, அவ சும்மா விடுவாளா?

அப்போ இதையெல்லாம் மந்திரவாதி எழுதிக் கொடுப்பாரா?

சில ஊர்ல அப்படி, எகிப்துல மந்திரப் புத்தகத்தைப் பாத்து அப்படியே காப்பி அடிச்சுக் கொடுத்த ஆட்கள் இருந்தாங்க. ஆனா பாத் ஊர்த் தகடுங்கள்ல கிட்டத்தட்ட ஒவ்வொண்ணும் வேற வேற கையெழுத்து. அப்படின்னா போட்டவங்களே உக்காந்து எழுதியிருக்காங்க. சில தகட்டுல எழுத்தே இல்ல, எழுத்து மாதிரி வெறும் கோடா கிறுக்கி வச்சிருக்கு. எழுதத் தெரியாதவங்க, அம்மனுக்குப் புரியும்னு நம்பி போட்டுட்டுப் போயிருக்காங்க. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் மனசை விட்டுப் போகாதது அந்தக் கிறுக்கல்தான். ரோமானிய இலக்கியம் பெரும்பாலும் வசதியானவங்க எழுதினது, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தரோட கோபம் அவர் கையாலேயே நம்ம வரைக்கும் வந்து சேர்ந்த இடம் எவ்ளோ கம்மி, அதுல இது ஒண்ணு.

திருட்டைத் தவிர வேற எதுக்கெல்லாம் பயன்படுத்தினாங்க?

தேர்ப் பந்தயத்துக்கு. ரோமானிய ரேஸ்ல நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளைன்னு நாலு டீம், ரசிகர்கள் வெறியோட இருப்பாங்க, அதுல காசும் புரளும். இப்போ துனீசியாவுல இருக்கற சூஸ், அன்னைக்கு ஹத்ருமேட்டம், அங்க கிடைச்ச ஒரு தகட்டுல பச்சை, வெள்ளை டீம் குதிரைகளைக் கொல்லு, கிளாரஸ், ஃபெலிக்ஸ், பிரிமுலஸ், ரோமானஸ் இந்த நாலு பேரையும் மோத விட்டு சாகடின்னு ஒரு ஆவிக்கு ஆர்டர் போட்டிருக்காங்க. கேஸ் நடக்கறப்போ எதிர்க்கட்சி வக்கீலோட நாக்கைக் கட்டுறதும் ரொம்ப சகஜம். கூரியோன்னு ஒரு வக்கீல், பேச்சாளரும் வக்கீலுமான சிசரோவுக்கு எதிரா வாதாட எழுந்தவர் திடீர்னு மொத்த கேஸையும் மறந்துட்டார், அந்த டிட்டீனியா எனக்கு மந்திரம் வச்சுட்டான்னு சொல்லிட்டாராம். டிட்டீனியா, அந்தக் கேஸ்ல சிசரோ யாருக்காக வாதாடினாரோ அந்தப் பொண்ணு. சிசரோவே இதை எழுதி வச்சிருக்கார், கூரியோவுக்கு ஞாபக சக்தியே கம்மின்றது அவரோட கருத்து.

காதல் வசியம்?

இருக்கு, ஆனா இதைப் படிச்சா இனிமையா இருக்காது. பாரிஸ் லூவர் மியூசியத்துல எகிப்துல கிடைச்ச ஒரு களிமண் பொம்மை இருக்கு, கையைப் பின்னால கட்டி முட்டி போட்ட ஒரு பொண்ணு, உடம்பு பூரா 13 ஊசி குத்தியிருக்கு. கூடவே ஒரு தகடு, சரபம்மோன்றவன் டாலமைஸ்ன்ற பொண்ணு தன்கிட்ட வர்ற வரைக்கும் அவ சாப்பிடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது, வேற யார்கிட்டயும் போகக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கான். இந்தப் பொம்மை செய்முறை ஒரு பாப்பிரஸ் மந்திரச் சுவடியிலயும் இருக்கு, 13 ஊசின்ற கணக்கு உட்பட கிட்டத்தட்ட அப்படியே. காதல் மந்திரம்னு மென்மையா பேர் வச்சு இதை ரொமான்டிக்கா எழுதறவங்களைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கு, டாலமைஸோட இடத்துல இருந்து படிச்சா இது மிரட்டல்தான்.

பெரிய ஆளுங்களும் பயந்தாங்களா?

கி.பி. 19ல ஜெர்மானிகஸ், பேரரசர் டைபீரியஸோட வளர்ப்பு மகன், ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்ச தளபதி, அந்தியோக்கியாவுல நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். வீட்டுத் தரையையும் சுவரையும் தோண்டினா மனுஷ எலும்பு, பாதி எரிஞ்ச சாம்பல், அவர் பேர் கீறின ஈயத் தகடு எல்லாம் வந்துச்சுன்னு ரோமானிய வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதறார். பீசோன்ற ஆளுநர் மேலதான் சந்தேகம். ஜெர்மானிகஸ் செத்துட்டார், பீசோவை அடுத்த வருஷம் ரோம்ல விசாரிச்சாங்க, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே அவரும் செத்துக் கிடந்தார்.

மந்திரம் வச்சா சட்டப்படி தப்பா?

தப்புதான், ரொம்பப் பழைய காலத்துல இருந்தே. கி.மு. 450 வாக்குல எழுதின பன்னிரண்டு பலகைச் சட்டத்துலயே அடுத்தவன் பயிரை மந்திரம் போட்டு இழுக்கறது குற்றம்னு இருக்கு. கி.மு. 81ல சுல்லா கொண்டு வந்த சட்டம் கொலைகாரங்களுக்கும் விஷம் வைக்கறவங்களுக்கும், பிற்காலத்துல மந்திரவாதிகளையும் அதுலயே தண்டிச்சாங்க. லத்தீன்ல விஷம், மருந்து, வசியம் மூணுக்கும் வெனேனம்னு ஒரே சொல்தான், அதனால இது எங்க முடிஞ்சு அது எங்க தொடங்குதுன்னு அவங்களுக்கே கோடு கிடையாது.

இந்தப் பயிர் விஷயத்துல ஒரு கேஸ் இருக்கு, பிளினி எழுதி வச்சது. ஃப்யூரியஸ் கிரெசிமஸ், முன்னாடி அடிமையா இருந்து விடுதலையானவர், சின்ன நிலம்தான், ஆனா பக்கத்துல இருக்கற பெரிய பண்ணைங்களை விட அதிகமா விளைச்சல் எடுத்தார். பொறாமையில, இவன் எங்க பயிரை மந்திரம் வச்சு இழுக்கறான்னு கேஸ் போட்டுட்டாங்க. அவர் விசாரணை நடந்த ஃபோரத்துக்கு, அதாவது ஊர்ப் பொதுச் சதுக்கத்துக்கு, என்ன கொண்டு வந்தார்னா, நல்லா அடிச்ச இரும்புக் கருவிங்க, கனமான மண்வெட்டி, கொழுகொழு மாடு, திடகாத்திரமா இருந்த பண்ணை ஆட்கள். இதுதான் என் மந்திரம், ராத்திரி கண் முழிச்சதையும் வேர்வையையும் மட்டும் இங்க கொண்டு வந்து காட்ட முடியலைன்னு சொன்னார். ஒருத்தர் விடாம விடுதலைன்னு ஓட்டு போட்டாங்க. மந்திரக் குற்றச்சாட்டு யார் மேல பாயும்னு புரிஞ்சுக்க இந்த ஒரு கேஸ் போதும்னு நினைக்கிறேன், வெளியாள், புதுசா முன்னுக்கு வந்தவன், அவன் எப்படி ஜெயிக்கலாம்னு ஊருக்கு எரிச்சல்.

கி.பி. 158 வாக்குல அபுலேயஸ் மேல வந்த கேஸும் இதே ரகம். வட ஆப்பிரிக்காவுல படிச்ச இளைஞர், ஓயா ஊர்ல, அதாவது இன்னைக்கு திரிப்போலி, புடென்டில்லான்னு தன்னை விட மூத்த பணக்கார விதவையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அவளோட முதல் புருஷன் வழி சொந்தக்காரங்க, வசியம் பண்ணிட்டான்னு கேஸ் போட்டாங்க. ஆதாரம் என்ன? மீன் வாங்கினான், கண்ணாடி வச்சிருக்கான், பல்பொடி செஞ்சான்! அவர் பேசின எதிர்வாதம் முழுசா இன்னைக்கும் இருக்கு. அவ்ளோ வருஷம் விதவையா இருந்தவ மறுகல்யாணம் பண்ண மந்திரம் எதுக்குன்னு அதுல கேக்கறார்.

சூனியக்காரக் கிழவின்ற பயம் அங்கயும் இருந்துச்சா?

இருந்துச்சு. ஹொரேஸ் கவிதையில கனிடியான்னு ஒருத்தி வர்றா, ஒரு பையனைக் கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சுப் பட்டினி போட்டு அவன் ஈரலை எடுத்து வசிய மருந்து பண்றதுக்கு. இது கவிஞரோட கற்பனை. ஆனா யுகுண்டஸ்னு ஒரு குழந்தையோட கல்லறைக் கல் ரோம்ல கிடைச்சிருக்கு, ராஜ குடும்பத்து அடிமைக் குழந்தை, நாலு வயசு முடியல. சூனியக்காரியோட கொடூரக் கை என்னைப் பறிச்சுட்டுப் போயிடுச்சு, பெத்தவங்களே உங்க பிள்ளைங்களை பத்திரமா பாத்துக்கங்கன்னு அந்தக் குழந்தையே பேசற மாதிரி எழுதியிருக்கு. என்ன நோய்ல போச்சோ, அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்ச காரணம் இது ஒண்ணுதான். இதைப் படிச்சப்புறம் மூடநம்பிக்கைன்னு சொல்லிட்டுக் கடந்து போக என்னால முடியல.

கண்ணேறுக்கு என்ன பண்ணாங்க?

ஆண்குறி வடிவத்துல தாயத்து, ஃபாஸ்கினம்னு பேர். குழந்தைங்க கழுத்துல, வீட்டு வாசல்ல, கடையில, தெரு முனையில எல்லா இடத்துலயும் இருக்கும், மணி கட்டி காத்துல ஆடற மாதிரியும் தொங்க விடுவாங்க. வெற்றி ஊர்வலம் வர்ற தளபதியோட தேருக்கு அடியிலயே கட்டியிருப்பாங்க, ஊரே அண்ணாந்து பாக்கறப்போதான கண்ணு படும். பாம்பேய்ல இதைப் பாத்துட்டு எல்லாம் விபச்சார விடுதின்னு சொல்லித் திரியறவங்க இருக்காங்க, அது தப்பு, பெரும்பாலும் இது கண்ணு படாம இருக்க வச்சதுதான். அடிமையா பிறக்காத பையங்க புல்லான்னு ஒரு உருண்டை டாலர் போடுவாங்க, பெரியவனானதும் கழட்டி வீட்டு தெய்வத்துக்குப் படைச்சுடுவாங்க. 2019ல பாம்பேய்ல ஒரு வீட்டுல பெட்டி நிறைய கிட்டத்தட்ட 100 சின்னச் சின்ன சாமான் கிடைச்சது, எகிப்திய வண்டு உருவம், ஆம்பர் மணி, குட்டி மண்டையோடுன்னு எல்லாம் கலந்து கட்டி.

சகுனம் பாக்கறது?

அது அரசாங்க வேலையாவே இருந்துச்சு. பறவை பறக்கறதைப் பாக்க ஒரு குழு, பலி கொடுத்த மிருகத்தோட ஈரல் பாக்க ஒரு குழு. படையோட கோழிக்கூண்டு போகும், தீனி போட்டா ஆவலா கொத்தணும், அப்போதான் சண்டை. கி.மு. 249ல ட்ரெபானா கடல் போருக்கு முன்னாடி கோழி சாப்பிடல, ரோமானியத் தளபதி கிளாடியஸ் புல்கர், திங்கலைன்னா குடிக்கட்டும்னு தூக்கி கடல்ல போட்டுட்டார்னு கதை. அன்னைக்கு ரோம் 93 கப்பலைத் தொலைச்சுது. பேரரசர் அகஸ்டஸ் காலையில ஷூவை மாத்தி, வலது காலுக்கு இடதைப் போட்டுட்டா கெட்ட சகுனம்னு எடுத்துப்பார், இடிக்கு பயந்து எங்க போனாலும் கடல்நாய் தோல் கூடவே வச்சிருப்பார். ஸ்பெயின்ல ஒரு ராத்திரி அவர் பல்லக்கை உரசிட்டுப் போன மின்னல் முன்னாடி விளக்கு பிடிச்சவனைக் கொன்னுடுச்சு, அதுல இருந்து வந்த பயம்.

பேய்?

மே 9, 11, 13 மூணு நாளும் லெமூரியா, வீட்டுல சுத்தற ஆவிகளை விரட்டற சடங்கு. வீட்டுத் தலைவர் நடுராத்திரி வெறுங்காலோட எழுந்து, கை கழுவி, கருப்பு பீன்ஸைப் பின்பக்கமா எறிஞ்சுட்டே, இதால என்னையும் என்னைச் சேர்ந்தவங்களையும் மீட்டுக்கறேன்னு 9 தடவை சொல்வார், திரும்பியே பாக்கக்கூடாது, ஆவி பின்னாடி பொறுக்கிட்டு வருமாம். அப்புறம் வெண்கலத்தைத் தட்டி, முன்னோர் ஆவிகளே வெளிய போங்கன்னு 9 தடவை.

அப்ரகடப்ரா ரோமானியர்களோடதா?

நமக்குக் கிடைச்ச பழைய பதிவு செரீனஸ் சமோனிகஸ்னு ஒருத்தரோட லத்தீன் மருத்துவப் பாட்டுல இருக்கு. முறைக்காய்ச்சலுக்கு மருந்து அது! அந்தச் சொல்லை எழுதி, அடுத்தடுத்த வரியில ஒவ்வொரு எழுத்தா குறைச்சு முக்கோணமாக்கி கழுத்துல கட்டணும், எழுத்து தேயற மாதிரி காய்ச்சலும் தேயும்னு.

கிறிஸ்தவம் வந்ததும் இதெல்லாம் நின்னுடுச்சா?

நிக்கல. பாத் ஊத்துலயே அன்னியானஸ்ன்றவர் பையில இருந்து 6 வெள்ளிக்காசு போனதுக்கு எழுதின தகட்டுல, எடுத்தது பழைய மதத்துக்காரனோ கிறிஸ்தவனோன்னு புதுசா ஒரு ஜோடி சேர்த்துட்டார். ரோம்லயே 1999ல கார் பார்க்கிங்குக்குத் தோண்டறப்போ அன்னா பெரென்னா தெய்வத்தோட ஊத்து வெளிய வந்துச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்ச ஈய டப்பாவுக்குள்ள குட்டி பொம்மைங்க, 4ஆம் நூற்றாண்டு சாமான்.

மாறினது அரசாங்கத்தோட பயம். கான்ஸ்டன்டைன் கூட நோய் தீரவும் ஆலங்கட்டி மழையில இருந்து பயிரைக் காக்கவும் பண்ற மந்திரத்தை தண்டிக்காம விட்டுட்டார். ஆனா 359ல, அவர் பையன் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் காலத்துல, காய்ச்சலுக்குத் தாயத்து கட்டினதுக்கும், சாயந்திரம் கல்லறைப் பக்கம் நடந்ததுக்கும் மரண தண்டனைன்ற அளவுக்குப் போச்சு. 371 வாக்குல அந்தியோக்கியாவுல சிலர், வேலன்ஸுக்கு அப்புறம் யார் பேரரசர்னு நூல்ல மோதிரம் கட்டி எழுத்துத் தட்டு மேல ஆட விட்டுக் கேட்டாங்க. தி-யோ-ட் வரைக்கும் வந்துச்சு, தியோடோரஸ்னு முடிவு பண்ணிட்டாங்க, விஷயம் கசிஞ்சு தியோடோரஸையும் இன்னும் நிறைய பேரையும் கொன்னுட்டாங்க. 379ல வேலன்ஸ் இடத்துக்கு வந்தவர் பேர் தியோடோசியஸ்.

கடைசியா, இந்த சாபமெல்லாம் பலிச்சுதா?

ஊத்துல போட்ட தகட்டுக்கு பதில் வராது, அதனால பாத் பக்கம் தேடிப் பிரயோஜனம் இல்ல. ஆனா இன்னைக்கு துருக்கியில இருக்கற லிடியா பகுதியில, அதே ரோமானியப் பேரரசுக்குள்ளதான், தப்பு பண்ணவங்க சாமி தண்டிச்சதை ஒத்துக்கிட்டு நட்ட கல்லுங்க நிறைய இருக்கு. திருடு நடக்குற இடத்துல சாமியோட செங்கோலை நட்டு வச்சா, அதுக்கப்புறம் எடுத்தவனுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அவன் மனசு அவனை விடாது, ஊரும் விடாது. கி.பி. 164 வாக்குல நட்ட ஒரு கல்லு, மென்ற நிலாக் கடவுளுக்கு. குளியல் கூடத்துல ஒரு மேலாடை திருடு போச்சு, சாமி திருடனை தண்டிச்சார், கொஞ்ச நாள் கழிச்சு அவனே அந்தத் துணியைக் கொண்டு வந்து கொடுத்து ஒத்துக்கிட்டான்னு அதுல இருக்கு. அந்தத் துணியை வித்து, நடந்ததைக் கல்லுல எழுதி வைக்கணும்னு சாமி தூதர் மூலமா சொல்லி அனுப்பினாராம், அதுதான் அந்தக் கல்லு.